பச்சை யானைக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

கோம்பையில் விடியற்காலையில் முதலில் கேட்பது எக்ஸெல் சத்தம்தான். பால் கேன் கட்டிய எக்ஸெல், மம்பட்டி செருகிய எக்ஸெல், தீவனப்புல் கட்டுக்கு அடியில் சக்கரம் மட்டும் தெரிகிற எக்ஸெல். அதற்கு அடுத்த சத்தம், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். மூன்றாவதாகத்தான் புல்லட். அது கொஞ்சம் லேட்டாக எழுந்திருக்கும், பெரிய வீட்டு வண்டி அல்லவா!

ஆனால் டிசம்பர், ஜனவரி மாதத்தில் உத்தமபாளையம் வரை போய் மெயின் ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றால் வேறு ரகத்தைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் கண்ணாடித் தடுப்பு, முழங்காலுக்கு உறை போட்ட ஆள். போடிமெட்டு, குமுளி, மேகமலை என்று மூன்று பக்கமும் மலை ரோடு இருக்கும் பள்ளத்தாக்கு இது. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18, அதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். பைக்கில் ஊர் சுற்றுகிறவர்கள் வராமல் இருப்பார்களா? அதில் ஒன்றிரண்டு வண்டிகளின் டேங்கில் நீலமும் வெள்ளையும் கலந்த அந்த வட்டம் இருக்கும். உடனே டீக்கடையில் ஒருவர் ஆரம்பிப்பார். "ஜெர்மன்காரன் செஞ்ச வண்டிப்பா. நூறு வருசம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தோடு போடுகிற சண்டை. ஜெர்மன்காரர்கள் நன்றாகத்தான் செய்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வண்டி ஐம்பது வருஷம் கழித்தும் ஓடுகிறதா, மியூசியத்தில் நிற்கிறதா, காயலான் கடைக்குப் போகிறதா என்பதை அதைச் செய்த இன்ஜினியர் மட்டும் தீர்மானிப்பதில்லை. கம்பெனியின் கணக்குப் புத்தகமும், எங்கோ ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். இதற்குச் சாட்சியாக ஒரு யானையைக் கூப்பிடலாம்.

பச்சை யானை.

காட்டு யானை இல்லை. 1950-களில் மேற்கு ஜெர்மனியில் சுண்டாப் என்ற கம்பெனி செய்த கேஎஸ் 601 என்ற மோட்டார் சைக்கிளுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர். (ஜெர்மன்காரர்கள் அந்தக் கம்பெனிப் பெயரை ட்ஸ்யுண்டாப் மாதிரி உச்சரிப்பார்கள். இங்கே சுண்டாப் என்றே வைத்துக்கொள்வோம், நாக்கு பிழைத்துப் போகட்டும்.) 1917-ல், முதல் உலகப் போரின் நடுவில், நியூரம்பர்க் நகரில் வெடிகுண்டுகளுக்கான பற்றவைப்புக் கருவி செய்வதற்காக ஆரம்பித்த கம்பெனி அது. பெயரிலேயே அந்தப் 'பற்றவைப்பு' இருக்கிறது. போர் முடிந்ததும் குண்டுக்கு ஆர்டர் இல்லை. 1921-ல் மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள்.

மியூனிக்கில் பிஎம்டபிள்யூவின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அவர்கள் விமான இன்ஜின் செய்துகொண்டிருந்தார்கள். போரில் தோற்ற ஜெர்மனி விமான இன்ஜின் செய்யக்கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் கையைக் கட்டிவிட்டது. மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்ற விமான இன்ஜின் இன்ஜினியர் 1923-ல் ஆர் 32 என்ற மோட்டார் சைக்கிளை வரைந்தார். 494 சிசி, வெறும் எட்டரை குதிரைசக்தி. இன்றைய எக்ஸெல்லைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்குதான். ஆனால் அந்த வண்டியின் அமைப்பைத்தான் பிஎம்டபிள்யூ இன்றைக்கும் தன் பெரிய டூரிங் பைக்குகளில் வைத்திருக்கிறது.

அப்படி அந்த அமைப்பில் என்ன விசேஷம்?

புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிஸ்டன், மேலும் கீழும் போய் வருகிறது. ஒரு கனமான உலக்கை குத்துகிற மாதிரி. அந்தக் குத்து ஹேண்டில்பாருக்கு வரும், சீட்டுக்கு வரும், மதுரை போய்ச் சேர்வதற்குள் பல்லுக்கும் வரும். ஜெர்மன்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், இரண்டு சிலிண்டரைப் படுக்கப்போட்டார்கள். ஒன்று இடது காலுக்கு முன்னால், மற்றொன்று வலது காலுக்கு முன்னால். இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் வெளியே போகும், ஒரே நேரத்தில் உள்ளே வரும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து கைதட்டி விளையாடுகிற மாதிரி. இந்தப் பக்கத்துத் தள்ளலை அந்தப் பக்கத்துத் தள்ளல் அடித்துவிடும், அதிர்வு பெருமளவு குறைந்துவிடும். இதைத்தான் பாக்ஸர் இன்ஜின் என்கிறார்கள்.

இன்னொரு லாபம், இரண்டு சிலிண்டரும் நேராகக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். மலை ஏறும்போது சூடு ஏறாது. வால்வு சரிபார்க்க வேண்டுமானால் டேங்கைக் கழற்ற வேண்டாம், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பக்கத்து மூடியைத் திறந்தால் போதும். எடை முழுவதும் கீழேயே இருப்பதால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும். (கெடுதல் ஒன்று உண்டு. வண்டி சாய்ந்தால் முதலில் அடிபடுவது சிலிண்டர்தான். நம்மூர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அந்த அகலத்தை வைத்துக்கொண்டு எப்படிப் புகுவது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.)

இதோடு இன்னொன்று. இன்ஜினின் கிராங்க் தண்டு முன்பின்னாக இருப்பதால், அதே திசையில் ஒரு இரும்புத் தண்டை நீட்டிப் பின்சக்கரத்தைச் சுற்றவைத்துவிடலாம். செயின் வேண்டாம். செயின் இல்லை என்றால் ஆயில் விட வேண்டாம், டைட் வைக்க வேண்டாம், மழையில் சேறு அப்பாது, நடுக்காட்டில் அறுந்து தொங்காது. நாள் முழுக்க ஓட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சுண்டாப் கம்பெனியும் 1933-லிருந்து இதே பாக்ஸர் அமைப்பில் வண்டி செய்தது. ரிஷார்ட் குய்ஷென் என்பவரின் வடிவமைப்பு. அதில் ஒரு தமாஷ். பின்சக்கரத்துக்குச் செயின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கியர் பாக்ஸுக்குள்ளே செயினை வைத்தார்கள்! பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசுவதற்குப் பதிலாக, நான்கு கியருக்கும் குட்டி குட்டிச் செயின்கள், எண்ணெயில் மூழ்கியபடி ஓடும். விநோதமான யோசனைதான். ஆனால் வேலை செய்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, இடிபாடுகளிலிருந்து எழுந்த மேற்கு ஜெர்மனியில் கார் வாங்க எல்லோரிடமும் காசில்லை. 1950-ல் கேஎஸ் 601 வந்தது. 597 சிசி, 28 குதிரைசக்தி. அதே காலத்து 350 சிசி புல்லட்டுக்கு 18. பெரும்பாலும் பக்கத்தில் ஒரு சைடுகாரை மாட்டித்தான் ஓட்டினார்கள். சைடுகாரில் மனைவி, மடியில் குழந்தை, பின்னால் கூடாரம். அந்தத் தலைமுறைக்கு அதுதான் குடும்ப வண்டி, அதுதான் சுற்றுலா. வெளிர் பச்சைப் பெயின்ட்டில், பருத்த உடம்போடு, எவ்வளவு பாரம் வைத்தாலும் அசராமல் போனதால் பச்சை யானை.

1956 ஜனவரியில் எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற பத்திரிகையாளர் இந்த வண்டி வைத்திருப்பவர்களை எல்லாம் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு இடத்துக்கு வரச்சொன்னார். கொட்டும் பனியில் சிலர் வந்தார்கள். 'யானைக் கூட்டம்' என்று அதற்குப் பெயராகிவிட்டது. இடம் மாறி மாறி, இப்போது பவேரியக் காட்டுப் பகுதியில் ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் பனியில் கூடாரம் போட்டுத் தூங்குகிறார்கள். யானை செய்த கம்பெனி போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. கூட்டம் மட்டும் நிற்கவில்லை.

கம்பெனி எப்படிப் போனது? வண்டி மோசம் என்பதால் இல்லை. ஜெர்மன்காரர்களிடம் காசு வந்துவிட்டது, அவ்வளவுதான். மழையில் நனைந்தபடி போன குடும்பம், கூரை உள்ள குட்டிக் காருக்கு மாறியது. 1954-ல் கிட்டத்தட்ட 30,000 மோட்டார் சைக்கிள் செய்த பிஎம்டபிள்யூ, 1957-ல் 6,000 கூடச் செய்யவில்லை. மூன்றே வருஷம்! கம்பெனி கம்பெனியாகக் கடையைச் சாத்தியது. சுண்டாப் கம்பெனியும் தப்பிக்கப் பார்த்து ஜானஸ் என்று ஒரு குட்டிக் கார் விட்டது. முன்சீட்டுக்காரர் முன்னால் பார்க்க, பின்சீட்டுக்காரர் பின்னால் பார்க்க, இருவரும் முதுகோடு முதுகு. (சண்டை போட்ட கணவன் மனைவிக்கு உகந்த கார்.) ஏழாயிரத்தைக்கூடத் தொடவில்லை. 1958-ல் நியூரம்பர்க் தொழிற்சாலையை விற்றுவிட்டு, மியூனிக்கில் மொபெட்டும் சின்ன பைக்கும் செய்யப் போனார்கள். யானையின் கதை அதோடு முடிந்தது.

பிஎம்டபிள்யூவும் அதே பள்ளத்தில்தான் விழுந்தது. எப்படி ஏறி வந்தது என்பதை பி.காம். படிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் காப்பாற்றியது ஒரு கணக்குப்பதிவுப் பிழை!

1959 டிசம்பர் 9. பிஎம்டபிள்யூ பங்குதாரர்கள் கூட்டம். கம்பெனியைப் போட்டியாளரான டைம்லர்-பென்ஸிடம் ஒப்படைத்துவிடலாம் என்று நிர்வாகமும் வங்கியும் முடிவு செய்துவிட்டன. சின்னப் பங்குதாரர்களும் டீலர்களும் கொதித்துப்போய் வந்திருந்தார்கள். அவர்கள் சார்பில் ஃபிரீட்ரிஷ் மாத்தர்ன் என்ற வக்கீல் எழுந்தார். உணர்ச்சிவசப்பட்டுப் பேசவில்லை, இருப்புநிலைக் குறிப்பைப் பிரித்தார். அந்த வருஷம்தான் பிஎம்டபிள்யூ 700 என்ற புதுக் காரை அறிமுகம் செய்திருந்தார்கள். அதை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே வருஷக் கணக்கில் எழுதித் தள்ளியிருந்தார்கள். பல வருஷம் விற்கப்போகும் காரின் செலவைப் பல வருஷத்துக்குப் பிரித்தல்லவா எழுத வேண்டும்? ப்ளஸ் ஒன் புத்தகத்தில் 'நீள்பயன் வருவாயினச் செலவு' என்று மனப்பாடம் செய்தோமே, அந்த மாதிரிச் சங்கதிதான். மொத்தச் செலவும் ஒரே வருஷத்தில் ஏறியதால் நஷ்டம் பூதாகரமாகத் தெரிந்தது. கணக்கில் குறை இருந்தால் பத்து சதவீத வாக்கு இருந்தாலே கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்பது அங்கே சட்டம். ஒத்திவைத்தார்கள். விற்பனை நின்றது. பிறகு ஹெர்பர்ட் குவாண்ட் தன் பணத்தைப் போட்டார், கம்பெனி பிழைத்தது.

அந்த 700 காரின் இன்ஜின் எது தெரியுமா? மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்து வளர்த்த பாக்ஸர் இன்ஜின்தான், 697 சிசி. 1965 வரை 1,88,000 கார்கள் விற்றன. மோட்டார் சைக்கிள் இன்ஜின் கார் கம்பெனியைக் காப்பாற்றியது. பிழைத்த கம்பெனி, மோட்டார் சைக்கிளை விடாமல் வைத்துக்கொண்டது.

இரண்டு கம்பெனிக்கும் இருந்தது ஒரே அமைப்பு, ஒரே காலம், ஒரே நாட்டு இன்ஜினியர்கள். ஒன்று இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிறது, மற்றொன்று 1984-ல் திவாலானது. தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சீனாக்காரர்கள் வாங்கிக் கழற்றி எடுத்துப் போனார்கள். 'நிறுவனத் தொடர்ச்சி அனுமானம்' என்று பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதுகிறோமே, அது எவ்வளவு பெரிய அனுமானம் என்று இதைப் படித்தால்தான் தெரியும்.

சரி, இந்தச் சுண்டாப்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. சுண்டாப் தமிழ்நாட்டுக்கு வந்தது.

புல்லட் வந்த கதை தெரிந்ததுதான். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தார்கள், திருவொற்றியூரில் தொழிற்சாலை. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடிவிட்டது, இங்கே பிள்ளை அதே வண்டியை அடித்துக்கொண்டே இருந்தது. 1980-களில் நூறு சிசி ஜப்பான் வண்டிகள் வரத் தொடங்கியதும் பயம் வந்தது. சின்ன வண்டி வேண்டும் என்று ஜெர்மனியின் சுண்டாப்போடு கைகோத்தார்கள். 50 சிசி இன்ஜினில் சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர். பிறகு 175 என்ற பெயரோடு ஃப்யூரி.

சில்வர் பிளஸ் ஞாபகம் இருக்கிற அத்தைகள் தேனி மாவட்டத்தில் இன்னும் இருப்பார்கள். ஃப்யூரிதான் முக்கியம். அந்தக் காலத்துக்கு அது அடுத்த நூற்றாண்டு வண்டி. ஐந்து கியர். முன்சக்கரத்தில் இத்தாலியின் பிரெம்போ டிஸ்க் பிரேக். டிஸ்க் பிரேக் என்றால் என்ன என்று இந்தியா கேட்டுக்கொண்டிருந்த காலத்தில்! எல்லாவற்றுக்கும் மேலாக அதன் சிலிண்டர். உள்ளே இரும்பு ஸ்லீவ் கிடையாது, அலுமினியச் சிலிண்டரின் உள்சுவரிலேயே கடினமான குரோமியம் பூச்சு. எடை குறைவு, சூடு சீக்கிரம் வெளியேறும், தேய்மானமும் குறைவு. காகிதத்தில் புல்லட்டை எல்லா விதத்திலும் தோற்கடிக்கும் வண்டி.

ரோட்டில் தோற்றது ஃப்யூரி. இதற்குக் காரணம் பலது சொல்லலாம். விலை, விளம்பரம், ஜப்பான் வண்டியின் மைலேஜ் எல்லாம் உண்டு. ஆனால் அந்தச் சிலிண்டரைக் கொஞ்சம் பாருங்கள், பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

புல்லட்டின் பழைய இன்ஜினில் சிலிண்டர் வார்ப்பிரும்பு. தேய்ந்துவிட்டால் மெக்கானிக் அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் தேனிக்கோ மதுரைக்கோ அனுப்புவார். லேத் பட்டறையில் போரிங் போட்டு ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்குவார்கள். அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் கடையிலேயே கிடைக்கும். மறுபடி தேய்ந்தால் மறுபடி ஒரு சைஸ். அதுவும் முடிந்தால் புது ஸ்லீவ் அடித்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். தாத்தா வாங்கிய இன்ஜினில் பேரன் ஓட்டுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

குரோமியம் பூசிய சிலிண்டரில் இதைச் செய்ய முடியாது. பூச்சில் ஒரு கீறல் ஆழமாக விழுந்துவிட்டால் போரிங் போட வழியில்லை, போட்டால் பூச்சே போய்விடும். புதுச் சிலிண்டர் வாங்க வேண்டும், இல்லை மறுபடி பூச வேண்டும். அந்தப் பூச்சு போடத் தெரிந்த பட்டறைக்கு 1980-களின் கடைசியில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து எங்கே போவது? ஜெர்மனியில் தாய்க் கம்பெனியே 1984-ல் திவாலாகிவிட்டது. சென்னையில் கம்பெனி தானே திண்டாடிக்கொண்டிருந்தது, 1994-ல் ஐஷர் கைக்குப் போனது. ஆக, உலகத் தரமான அந்தச் சிலிண்டர் கெட்டுப்போனால் அதற்குப் பொறுப்பாக உலகத்தில் யாருமே இல்லை.

புல்லட் பழைய டிசைன், ஆயில் ஒழுகும், உதைக்கும், பிரேக் பிடித்தால் யோசித்துத்தான் நிற்கும். எல்லாமே உண்மை. புல்லட் ரசிகர்கள் 'கெத்து' என்று சொல்லி இதையெல்லாம் மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த வண்டியின் குறைகளைக் கூட ஒரு ஊர் மெக்கானிக் தன் கையால் சரி செய்ய முடிந்தது. ஃப்யூரியின் நிறைகளை அவரால் தொடக்கூட முடியவில்லை. நல்ல இன்ஜினியரிங் எது என்று கேட்டால், கோம்பையிலிருந்து பார்க்கிறவர்களுக்கும் மியூனிக்கிலிருந்து பார்க்கிறவர்களுக்கும் ஒரே விடை வர வேண்டிய அவசியமில்லை.

நியாயமாகச் சொன்னால், பழைய ஜெர்மன் இன்ஜினியர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அந்தக் காலத்து பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டிகளோடு சுருட்டிவைத்த ஒரு டூல் கிட் வரும். அதை வைத்தே ரோட்டோரத்தில் வால்வு செட் பண்ணலாம், சக்கரத்தைக் கழற்றலாம், கார்பரேட்டரைப் பிரிக்கலாம். வண்டியை வாங்கியவன் அதைத் திறந்து பார்ப்பான் என்று எதிர்பார்த்தே செய்தார்கள். அதனால்தான் அவை இன்னும் ஓடுகின்றன. அதோடு, பிழைத்துக்கொண்ட பிஎம்டபிள்யூ பழைய வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்து இன்றும் பாகம் விற்கிறது. யானை வைத்திருப்பவர்களோ ஒருவருக்கொருவர் உதவி செய்து, பாகங்களைத் தாங்களே செய்துகொண்டு ஓட்டுகிறார்கள். இரண்டிலும் வண்டியைக் காப்பாற்றுவது 'ஜெர்மன் குவாலிட்டி' என்ற மந்திரம் இல்லை.

இங்கே அரசாங்கம் பழைய வண்டியைப் பார்க்கும் விதமும் கொஞ்சம் வேடிக்கை. 2021-ல் மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருந்தால் தனி நம்பர் பிளேட். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி மாதிரி விசேஷங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம், தினசரி ஓட்டக்கூடாது. பங்களாவில் போர்வை போர்த்தி வைத்திருப்பவருக்கு இது சரி. தோட்டத்துக்குப் போய்வரும் பழைய புல்லட்காரருக்கு? ஃப்யூரிக்கு ஐம்பது வயதாக இன்னும் பத்து வருஷமாவது ஆகும், அதற்குள் எத்தனை மிஞ்சுமோ. கோம்பை நாயை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குக் காவல் இருந்ததால், காட்டுப்பன்றியைத் துரத்தியதால் அந்த இனம் தங்கியது. கூண்டில் வைத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்வலம் விட்டிருந்தால் தங்கியிருக்குமா?

இப்போது ஓசூருக்கு வருவோம், ஏனென்றால் இதே கதை அங்கே மறுபடி ஆரம்பித்திருக்கிறது.

1980-ல் டிவிஎஸ் 50 பிறந்த ஊர் ஓசூர். எக்ஸெல்லின் பூர்வீகம் அதுதான். 2013-ல் டிவிஎஸ்ஸும் பிஎம்டபிள்யூவும் ஒப்பந்தம் போட்டன. ஜி 310 ஆர், ஜி 310 ஜிஎஸ் என்று இரண்டு பைக்குகள் ஓசூரில் தயாராகி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறின, 2018-ல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன. இரண்டாவது மலைப்பயணத்துக்கென்றே செய்தது. கோம்பையில் புல்லுக்கட்டு சுமக்கும் வண்டியும், போடிமெட்டு ஏறும் ஜெர்மன் வண்டியும் ஒரே கம்பெனியின் கையால் செய்தவை! டீக்கடைப் பெரியவரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

அதன் இன்ஜினும் சாமானியப்பட்டதில்லை. 313 சிசி, ஒரே சிலிண்டர். வழக்கமாக முன்பக்கம் புகைக்குழாய், பின்பக்கம் காற்று வரும் வழி என்று இருப்பதைத் தலைகீழாக்கி, சிலிண்டரைப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வண்டியின் எடை முன்சக்கரத்தின் பக்கம் போகும், பின்சக்கரத்துக்கு நீளமான பிடிப்பு கிடைக்கும். 34 குதிரைசக்தி. யானைக்கு 28தான், அதுவும் 597 சிசியில்.

2025-ல் இந்த ஆர், ஜிஎஸ் இரண்டும் இந்தியச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. மாசுக் கட்டுப்பாட்டு விதி மாறியது, புது மாடல் வரிசையில் நின்றது, வியாபாரத்தில் இது சகஜம். ஃப்யூரியோடு ஒப்பிட்டுப் பயமுறுத்துவதும் நியாயமில்லை. இங்கே இரண்டு கம்பெனியும் நன்றாகவே இருக்கின்றன, அதே இன்ஜினின் உடன்பிறப்பு அப்பாச்சி ஆர்ஆர் 310-ல் ஓடுகிறது. ஆனால் வாங்கியவர் கையில் இருக்கும் வண்டிக்குப் பதினைந்து, இருபது வருஷம் கழித்து யார்?

தேய்மானத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இப்போது வந்திருக்கிறது. வண்டியில் கம்ப்யூட்டர். ஏதோ ஒரு சென்சார் கோளாறு என்றால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். என்ன கோளாறு என்று படிக்க கம்பெனியின் கருவி வேண்டும், கம்பெனியின் மென்பொருள் வேண்டும். முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே நோய் சொன்ன மெக்கானிக், அந்த மஞ்சள் விளக்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு அறிவு குறைந்துவிட்டதா? இல்லை. கதவைப் பூட்டிச் சாவியைக் கம்பெனி வைத்துக்கொண்டிருக்கிறது. 1980-களில் குரோமியம் பூச்சு செய்த வேலையை இப்போது பாஸ்வேர்டு செய்கிறது.

'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. செல்போன், விவசாயக் கருவிகளோடு மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் இதற்கென ஒரு இணையதளமும் திறந்தார்கள். நல்ல ஆரம்பம். ஆனால் ஒரு கைப்பேசி எண்ணும் சர்வீஸ் சென்டர் முகவரியும் கொடுப்பதோடு நின்றுவிட்டால் பிரயோஜனமில்லை. சர்வீஸ் மேனுவலை யார் வேண்டுமானாலும் வாங்கும்படி வெளியிட வேண்டும். கோளாறு படிக்கும் கருவியை ஊர் மெக்கானிக்கும் நியாய விலைக்கு வாங்க முடிய வேண்டும். ஒரு மாடலை நிறுத்தினால் அதற்குப் பிறகு எத்தனை வருஷம் பாகம் கிடைக்கும் என்பதை விற்கும்போதே பில்லில் அச்சடிக்க வேண்டும். வாரண்டியை அச்சடிக்கிறார்கள் அல்லவா, அதற்குப் பக்கத்திலேயே இதற்கும் ஒரு வரி இடம் இருக்கும்.

இதனால் கம்பெனிக்கு நஷ்டம் என்று சொல்வார்கள். சர்வீஸ் வருமானம் போய்விடுமாம். கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் வேறு விடை வரும். பழைய வண்டி நல்ல விலைக்குப் போனால்தான் புது வண்டி வாங்கத் துணிவு வரும். புல்லட்டின் செகண்ட் ஹாண்ட் விலையைக் கேட்டுப் பாருங்கள், அந்த விலைக்குப் பின்னால் இருப்பது ஊர் ஊராக உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குகள். எந்தக் கம்பெனியும் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. நற்பெயர் என்று இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் எழுதுகிறோமே, அதில் பாதி அவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது.

கோம்பைக்கு மேலே, மலை உச்சியில் ராமக்கல்மேடு. கீழேயிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரம். ஆனால் நேராக வண்டிப் பாதை கிடையாது, கம்பம் போய், கம்பம்மெட்டு ஏறி, சுற்றித்தான் போக வேண்டும். அந்த வளைவுகளில் ஓசூர் ஜெர்மன் வண்டி ஒன்று மஞ்சள் விளக்கோடு நின்றால், அதன் பக்கத்தில் முதலில் வந்து நிற்கப்போவது ஏலத்தோட்ட ஜீப்போ எக்ஸெல்லோதான். இறங்கி வருகிறவர் "என்னாச்சு தம்பி?" என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக "டூல் இருக்கா?" என்பார். சீட்டுக்கு அடியில் நாலு ஸ்பேனர் இருக்கும். அதை வைத்து எதைத் திறப்பது என்பதுதான் அவருக்கும் தெரியாது, ஓட்டி வந்தவருக்கும் தெரியாது.